வெளுத்த நாலாவது பிளக்

போன வாரம் எங்கள் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றியதும் இன்டேக் மேனிஃபோல்ட் தெரிந்தது. என்ஜினுக்குள் காற்று போகிற வழி அது. ஒரு பெட்டி, அதிலிருந்து நாலு சிலிண்டருக்கும் நாலு குழாய், வேறொன்றுமில்லை. இப்போது எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக். விரலால் தட்டிப் பார்த்தேன், தயிர் டப்பா மாதிரிச் சத்தம். "இன்னா சார், எதனா பிராப்ளமா?" என்றார் மெக்கானிக். இல்லை என்றேன். இதை ஒரு காலத்தில் என் கையாலேயே செய்தவன் என்று சொல்லியிருந்தால், அடுத்து "நல்லா ஓடிச்சா?" என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆம்பூரில் ஒரு பழைய தோல் குடோனில் நானும் யூசுபும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். லேப்டாப்பை மாட்டி என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று செட் பண்ணுவது அவன் வேலை. வெல்டிங் என் வேலை. குடோனைவிட்டுத் தோல் போய் எத்தனையோ வருடமாகியும் வாடை போகவில்லை. மழை பெய்தால் சுவருக்குள்ளிருந்து கிளம்பி வரும். அதோடு பெட்ரோலும் கிரீஸும் சேர்ந்துகொள்ளும். என் சட்டைகளை வீட்டில் தனி வாளியில்தான் போடுவார்கள்.

அந்த வாடைக்கு மூக்கைச் சுளிக்காமல் உள்ளே வந்த முதல் ஆள் ஜென்சி. ஷூ கம்பெனியில் தோலுக்கு அளவு வெட்டும் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தாள். அதைவிட மோசமான வாடையெல்லாம் அவளுக்குப் பழக்கம். யாரோ கைவிட்ட ஒரு இரண்டு கதவு டர்போ ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, தானே பாதி சரிசெய்து கொண்டுவந்திருந்தாள்.

"மெட்ராஸ் பக்கம் ட்ராக்ல போட்டி இருக்கு. யார் அஞ்சு ரவுண்ட கம்மி டைம்ல முடிக்கிறாங்கன்னு பாப்பாங்க. ஒரே ஒரு தடவ ஓட்டணும்" என்றாள்.

"அப்புறம்?" என்றான் யூசுப்.

"அப்புறம் கல்யாணம். மஸ்கட்."

வண்டி, அதோடு வந்த கம்பெனி மேனிஃபோல்டிலேயே நன்றாகத்தான் ஓடியது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. கம்பெனிக் குழாய்கள் நீளம், மெலிசு. குட்டையாக, அகலமாகச் செய்தால் மேல் வேகத்தில் இன்னும் சக்தி கிடைக்கும் என்று வாதாடினேன். "இருக்கறதே போதும்டா, எதுக்கு பேஜாரு?" என்றான் யூசுப். கடைசியில் இரண்டையும் போட்டுப் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதை வைப்பது என்று முடிவானது. மூன்று வாரம் அலுமினியத்தோடு மல்லுக்கட்டினேன். பெட்டியின் பக்கவாட்டில் என் பெயரின் முதலெழுத்தைக்கூடப் பொறித்தேன். சிரிக்காதீர்கள், இருபத்தைந்து வயது. காற்று கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட்டை ஜென்சி ஷூ கத்தியாலேயே வெட்டித் தந்தாள். ஒரு இழை பிசகவில்லை.

சத்துவாச்சாரிக்குப் பின்னால் அப்போது பிளாட் போட்டு, வீடு வராத ஒரு நேர் ரோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியது ஜென்சி. அதே கியர், அதே டர்போ அழுத்தம். பழையதில் வண்டி சீக்கிரம் எழுந்து ஓடியது. என்னுடையதில் முதலில் கொஞ்சம் சோம்பல். பிறகு முதுகை சீட்டோடு அறைந்தது. இறங்கி வந்தவளுடைய முகம் முழுக்கச் சிரிப்பு. "இதான் வேணும்" என்றாள். யூசுப் லேப்டாப்பைக் காட்டினான். அளவுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

அன்று மதியம் யூசுப் தொழுகைக்குப் போயிருந்தபோது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றின் நுனி டீ நிறத்தில் இருந்தது. நாலாவது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குக் காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, சூடு தாங்காது என்று அர்த்தம். சைலன்ஸர் குழாயில் இருந்த சென்சார் நாலுக்கும் சேர்த்துச் சராசரியைத்தான் சொல்லும். அதனால்தான் லேப்டாப்பில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பிளக்கே மோசமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதிதாக ஒன்றை மாட்டினேன்.

யூசுப் வந்து கேட்டான்: "பிளக் பாத்தியா?"

"நல்லா இருக்குடா."

போட்டியன்று ட்ராக்கில் இரண்டு ரவுண்டு அருமையாகப் போனாள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த யூசுப் குதித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ரவுண்டில், நீளமான நேர்பாதையில் வண்டிக்குப் பின்னால் நீலப் புகை கிளம்பியது. ஓரமாக நிறுத்தி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் வண்டியையே பார்த்தபடி நின்றாள். பிஸ்டனில் ஓட்டை. எந்தச் சிலிண்டர் என்பது என்ஜினைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும்.

காரை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். டிரைவர் பக்கத்தில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வாலாஜா வந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. பிளக்கைப் பற்றிச் சொன்னேன்.

ஜென்சி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சொல்லிருந்தா பழசையே போட்டு ஓட்டிருப்பேன்ல?" என்று மட்டும் கேட்டாள். உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது. யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு வாரம் அவன் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வாசலில் நான்கு பக்கெட் வரிசையாக இருந்தன. என் மேனிஃபோல்டை ஸ்டாண்டில் பொருத்தி, ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு பக்கெட் வைத்திருந்தான். பெட்டியின் வாய்க்குள் ஹோஸை விட்டுத் தண்ணீரைத் திறந்தான். கடைக்கோடியில் இருந்த நாலாவது பக்கெட் முதலில் நிறைந்தது. முதல் பக்கெட்டில் பாதிகூட இல்லை. கம்பெனிப் பெட்டி போகப்போகக் குறுகும். நான் கடைசிவரை ஒரே அகலமாகச் செய்திருந்தேன். உள்ளே பாய்ந்ததெல்லாம் கடைசிச் சுவரில் மோதி நாலாவது குழாய்க்குள் இறங்கிவிட்டது.

"தண்ணி வேற, காத்து வேற. ஆனா புரியுதுல்ல?" என்றான். பிறகு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, "அன்னிக்கே சொல்லிருந்தா, அன்னிக்கே இத செஞ்சிருப்போம்டா" என்றான். அதுதான் அவன் கோபம், முழுசும்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவன் கேட்காமலே ஒவ்வொரு பிளக்கையும் வரிசையாக மேஜைமேல் வைத்துவிடுவேன். பிறகு அவன் துபாய் போய்விட்டான். குடோனை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மழை பெய்தால் அங்கே இப்போது பெயின்ட் வாடைதான். சத்துவாச்சாரி ரோட்டில் வீடுகள் நெருங்கி, இருபது அடிக்கொரு வேகத்தடை. ஜென்சியின் காரை யாரோ பாகம் பாகமாகப் பிரித்து வாங்கிப் போனார்கள்.

இரண்டு வருடம் முன்பு ஜென்சி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது ஆம்பூரில் பிரியாணிக் கடையில் பார்த்தேன். மகளோடு இருந்தாள். என்னை மகளிடம், "அம்மாவோட காரு செஞ்ச மாமா" என்று அறிமுகப்படுத்தினாள். கெடுத்த மாமா என்று சொல்லவில்லை. அங்கே அவள் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார். ஸ்கூலுக்கு, கடைக்கு, சர்ச்சுக்கு. மறுபடி ட்ராக் பக்கம் போனாயா என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள். மகள் தட்டிலிருந்து எலும்பை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.