டாங்க் மூடியில் வைத்த சந்தனம்

எங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு ஜாதகத்தில் ஒரு குறையும் கிடையாது. குறை முழுக்க அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் இருந்தது.

சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்த அவருக்கு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பழைய வண்டி ஒன்றுதான். பெண் பார்க்கப் போகும்போது வீட்டார் எல்லோரும் வாடகை ஜீப்பில் வருவார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் வண்டியில்தான் வந்து இறங்குவேன் என்று அடம்பிடிப்பார். பெட்ரோல் டாங்க்கின் மேல், மூடிக்குப் பின்னால், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் உரிமை எனக்கு. இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய பதவி உலகத்தில் இருப்பதாகத் தெரியாது.

சகுன இலாகா அத்தையின் கையில் இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். பூனை, விறகுக் கட்டு, தும்மல் எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. புறப்படும் முன் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஹெட்லைட்டில் ஒன்று, நம்பர் பிளேட்டில் ஒன்று, டாங்க் மூடியின் நடுவில் ஒன்று என்று பொட்டு வைப்பார். மேலே குங்குமம். அதற்குப் பிறகுதான் சித்தப்பா கிக்கரில் கால் வைக்கலாம்.

முதல் தடவை கம்பம் பக்கம் போனோம். பாதி வழியில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சித்தப்பா ரிசர்வுக்குத் திருப்பினார், சோக்கை இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று, பொட்டு அழியாமல் பதனமாக மூடியைத் திறந்தார். என் மூக்குக்கு நேரே ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வண்டி பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூடிவிட்டு உதைத்தார், கிளம்பிவிட்டது. ஆனால் அதற்குள் அத்தை ஜீப்பைத் திருப்பச் சொல்லியிருந்தார். போகிற வழியில் மாப்பிள்ளை வண்டி நின்றால் அந்த இடம் கூடாது, அவ்வளவுதான்.

மெக்கானிக் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட்டில் செம்புக் கம்பி இழையை விட்டு ஊதினார், மிதவையை ஆட்டிப் பார்த்தார், பெட்ரோல் டியூப்பை மாற்றினார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் வண்டி குதிரை. மண்டிக்கும் வீட்டுக்குமாகத் தினம் ஓடியபோதும் ஒரு தொல்லையும் தரவில்லை. அடுத்து தேவாரம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். நின்றது. மறுபடி கழற்றினார். பிளக்கை மாற்றினார், பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லி எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். கடைசியில் அவரும், எதற்கும் கோயிலுக்கு ஒரு தடவை போய்வரச் சொன்னார்.

அதற்குள் சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு பரவிவிட்டது. ‘வண்டி நிக்கிற மாப்பிள்ளை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சித்தப்பா முப்பதைத் தாண்டியிருந்தார். ஓடைப்பட்டியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தபோது, இந்தத் தடவையும் வண்டி நின்றால் இனி பெண் பார்க்கும் பேச்சையே எடுக்கப்போவதில்லை என்று அத்தை அறிவித்துவிட்டார். அறிவித்த கையோடு, இதுவரை வைத்ததிலேயே பெரிய பொட்டாக மூடியில் அப்பினார்.

பெண் வீடு திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே, ரோட்டை ஒட்டி இருந்தது. திராட்சைப் பந்தல் தெரிந்தது. வாசலில் வேட்டி சட்டையோடு நின்றவர்கள் தெரிந்தார்கள். வண்டி ஒரு முறை இருமியது. சித்தப்பாவின் தாடை என் தலையில் இறுகியது. இன்னொரு இருமல், அதோடு நின்றுவிட்டது. பின்னால் ஜீப்பும் நின்றது.

“ஜீப்பத் திருப்பு. வாசல் வரைக்கும் வந்து நின்னிருச்சு. இதுக்கு மேல சாமி என்னத்தச் சொல்லும்?” என்றார் அத்தை.

அம்மா கெஞ்சிப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். சித்தப்பா வண்டியை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் தோட்டத்து வாசலிலிருந்து பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒருவர் விறுவிறு என்று ரோட்டுக்கு வந்தார். காபித் தட்டோடு கூடத்துக்கு வரவேண்டிய பெண்தான். பின்னாலிருந்து அவருடைய அப்பா கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், டாங்க்கைப் பார்த்துப் பேசினார்.

“அந்த மூடியத் தொறங்க.”

சித்தப்பா திறந்தார். ‘புஸ்.’

“இதேன். எங்க மருந்தடிக்கிற மிசினும் இப்படித்தேன் நிக்கும். மூடியில ஓட்டை அடச்சுக்கிட்டா காத்துப் போகாது, பெட்ரோலு எறங்காது” என்றவர், தோளில் முந்தானைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். மூடியில் சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில், பொட்டுக்கு அடியில் குத்தித் திருகினார். காய்ந்த சந்தனம் துகள் துகளாக உதிர்ந்தது. ஊக்கைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மூடியை மூடினார்.

எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தோம். சித்தப்பா ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். ஜீப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் உயிர் வந்தது. அம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை மெதுவாக ஜீப்பிலிருந்து இறங்கி, சேலையை உதறி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார்.

“எங்கன நிக்கணும்னு வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, வலது காலை முன்வைத்து எங்களுக்கெல்லாம் முன்னால் உள்ளே போனார்.

பெண் ஒரு கையால் முந்தானையைப் பிடித்தபடி கொல்லைப்பக்கம் வழியாக வீட்டுக்குள் ஓடினார். ஊக்கைத் திருப்பிக் கொடுக்க சித்தப்பா மறந்துவிட்டார்.

தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதுவரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா என்னைக் காற்று வாங்கக் கூட்டிப்போகத் தொடங்கினார். காற்று எப்படியோ ஓடைப்பட்டி ரோட்டில்தான் நன்றாக இருந்தது. வண்டியும் ஒவ்வொரு தடவையும் சரியாக அந்தத் தோட்டத்துக்கு முன்னால் நின்றது. வருங்காலச் சித்தி ஊக்கோடு வருவார். அந்தச் சின்ன ஓட்டையைச் சுத்தம் செய்ய வெகுநேரம் பிடிக்கும். அதுவரை நான் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து வயிறு முட்டத் திராட்சை தின்பேன்.

மூடியில் எப்போதும் சந்தனம் புதிதாக இருந்தது. அத்தை ஊரில் இல்லாத வாரத்திலும் இருந்தது. இவ்வளவு பட்டும் சித்தப்பாவுக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கண்ணாடி முன் நின்று மூன்றாவது தடவையாகத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, என் பாவாடை ஊக்கைக் கழற்றி ஓட்டையைச் சுத்தமாகக் குத்திவிட்டேன்.

அன்று வண்டி பறந்தது. தோட்டத்து வேலியோரம் சித்தி நின்றிருந்தார். பக்கத்திலேயே அவருடைய அப்பாவும் நின்றிருந்தார். வண்டி இருமக்கூட இல்லை. சித்தப்பா ஆக்சிலேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தார். ஊர் எல்லை வரை போய்த் திரும்பினோம், அப்போதும் அது நிற்கவில்லை. வீடு வந்ததும், ஓட்டையை நான்தான் குத்திவிட்டேன் என்று பெருமையோடு சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் என் பாவாடை ஊக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டி நன்றாக ஓடிய நாளில் ஒரு மனிதர் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் பாவாடையிலும் சட்டையிலும் ஊக்கு எதுவும் இருக்கிறதா என்று நன்றாகத் தேடிப் பார்த்த பிறகுதான் சித்தப்பா என்னை டாங்க்கின் மேல் தூக்கி உட்காரவைத்தார். போகிற வழியில் எனக்குக் குத்திவிடக் கூடாதே என்று எவ்வளவு அக்கறை இவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.