கல்கண்டுத் தட்டில் ஓர் உப்புக்கல்

ரத்தன் விளைவித்த உப்புக்கல்லை நெருப்பில் போட்டால் கூரையைப் பொத்துக்கொண்டு பறந்து கட்ச் வளைகுடாவில் போய் விழும். கொஞ்சம் மிகைதான், பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

அன்று ரண் எனும் கட்ச் உவர்நிலத்தில், உப்பளத்துக் குடிசையில் அவளுக்கு நிச்சயதார்த்தம். இரு வீட்டுக் கல்கண்டுத் தட்டுகளும் குலதெய்வம் மாதாஜியின் படத்தின் முன் இருந்தன. படைக்கும்வரை யாரும் வாயில் போடக் கூடாது. உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்களில் அப்படித்தான். மாப்பிள்ளை பவானின் அத்தை ஜேட்டிபென், பெண்வீட்டுத் தட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது கல்கண்டா? அளத்து உப்பை அள்ளி வச்சு ஏமாத்துறீங்களா? எழுந்திருடா பவான், போலாம்!"

ரத்தனின் அப்பா ஹமீர் கைகூப்பினார். "கோவப்படாதீங்க அக்கா. தண்ணில போட்டுப் பாத்துடலாம்."

"தண்ணில ரெண்டும்தான் கரையும்பா. மொதல்ல கைய எறக்குங்க. கும்பிட மாதாஜி இருக்கா."

அப்பாவிடம் சொல்லிக்கொண்டே ரத்தன் கனல் சட்டியை நடுவில் இழுத்தாள். தன் தட்டிலிருந்து ஒரு துண்டைப் போட்டாள். அது இளகி, நுரைத்து, பழுப்பாகிக் கருகியது. குடிசையெல்லாம் பாகு மணம்.

"உப்புன்னா விடிய விடிய இதுல கெடந்தாலும் உருகாது அத்தை."

"ஒரு துண்டு போதுமாக்கும்!"

ரத்தனின் கண் மாப்பிள்ளைவீட்டுத் தட்டில் நின்றது. கத்தியால் வெட்டினாற்போல் சதுரமாய் ஒரு கல். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா? இடுக்கியால் எடுத்துக் கனலில் வைத்தாள். படபடவென்று வெடித்தது, ஒரு சில்லு துள்ளித் தெறித்தது. மீதி வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. மணமில்லை, கருகலில்லை.

"உள்ள மாட்டின தண்ணி கொதிச்சா வெடிக்கும். கல்லு உருகாது. உப்பு உங்க தட்டுலதான் அத்தை இருக்கு."

பவான் தலையைச் சொறிந்தான். "போன வருஷம் இவ பாத்தியில எடுத்தது. ராசியா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தன் சிரிக்கவில்லை.

"எங்க தட்டைத்தான் மொதல்ல படைக்கணும். அதுவும் உங்க கையால. இல்லன்னா நீங்க வந்த டிராக்டர் வாசல்லதான் நிக்குது."

பவான் எழுந்திருக்கவில்லை. ஜேட்டிபென் அவனை முறைத்தாள், டிராக்டரைப் பார்த்தாள், பிறகு பெண்வீட்டுத் தட்டைத் தூக்கி மாதாஜி முன் நீட்டினாள்.

தாமதமாக வந்த பக்கத்து அளத்துக்காரரிடம் ஹமீர் மார்தட்டினார்: "எம்பொண்ணு போட்ட உப்புக்கல்லு கூரையத் தொட்டுச்சய்யா!"

கல்கண்டை மென்றபடி ஜேட்டிபென் குறுக்கிட்டாள்.

"கூரையுமில்ல, கீரையுமில்ல. ஒரு சாண்தான் எம்புச்சு. எம்மடியிலதான் விழுந்துச்சு, எனக்குத் தெரியாதா? இன்னும் எரியுது."