ரோமானியக் கன்னிமாருக்கு ஒரு கும்பிடு

1998-ல் கல்யாணமான கையோடு அமெரிக்காவில் டெக்சாஸிலிருக்கும் ரவுண்ட் ராக் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கோ டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. ஈரோட்டில் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்து, நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசியவள் நான். இங்கே வாயைத் திறக்கவே ஆளில்லை. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அப்போது பக்கத்து நகரமான ஆஸ்டினில் ஒரு சின்ன மியூசியத்தில் சம்பளமில்லாத கைடுகள் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் வாய்க்கால் தோண்டும்போது கிடைத்த ரோமானியர் காலத்துச் சிலைகள் கண்காட்சிக்கு வந்திருக்கின்றனவாம். எனக்கென்றே வந்த வேலை! கணவரை நச்சரித்து லீவு போட வைத்து, அவரையும் கூட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய்விட்டேன்.

மியூசியப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். நன்றாகத்தான் பேசினார். சிலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடித்த ஒன்றைப் பற்றித் தன்னிடம் வந்து சொல்லச் சொன்னார்.

மூலையில் ஒரு பலகைக் கல். அதில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் குழந்தை, மற்றவர்கள் மடியில் பழமும் ரொட்டியும். முகமெல்லாம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. அடடா, எங்கள் பக்கத்து ஏரிக்கரைக் கன்னிமார் சாமியேதான்! அங்கே ஏழு பேர், இங்கே மூன்று பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து நடந்தது சத்தியமாக என்னை அறியாமல் நடந்தது. அலாரம் காதைப் பிளந்தபோதுதான் சுயநினைவு வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தேன். நடுவில் இருந்தவளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்திலும் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடி வந்த காவலாளி என் கையைப் பார்த்தார், பிறகு வெறுங்காலைப் பார்த்தார். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அட, தொடாதேன்னு இவ்ளோ பெருசா போர்டு வெச்சிருக்கான், கண்ணு தெரியலியா உனக்கு?" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"சாமி மாதிரியே இருந்துச்சுங்க…"

"போச்சு போ! வா, போலீஸ் வர்றதுக்குள்ள கிளம்பலாம்."

அதற்குள் அந்த அம்மாள் வந்துவிட்டார். கிடைக்க இருந்த ஒரே வேலையையும் கெடுத்துக்கொண்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. ஏன் தொட்டாய் என்று கேட்டார். "இப்படி மடியில் குழந்தையோடு ஒரு தாய் கல்லில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்குக் கை தானாகப் போய்விடும். மழைக்கும் பிள்ளைக்கும் அவளிடம்தான் கேட்போம்" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவர் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கே வருகிறவர்கள் எல்லாம் இது என்ன விலை போகும் என்றுதான் கேட்கிறார்கள். மண்ணுக்குள் போன பிறகு இதைக் கும்பிட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்" என்றார். "சனிக்கிழமையிலிருந்து வா. இதையே வருகிறவர்களுக்குச் சொல். கை மட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும்."

சுடிதாரில் பாக்கெட் இல்லையே என்றேன். காவலாளி சிரித்துவிட்டார்.

கண்காட்சி முடியும்வரை வாய் வலிக்கப் பேசினேன். சிலைகளைப் பெட்டியில் அடைக்கும் நாளில் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டி, "ஒரே ஒரு தடவை" என்றார். கையுறை போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். ஆனால் அந்நிய ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பு அந்த நிமிடத்தோடு என்னை விட்டுப் போனது, இன்றுவரை திரும்பி வரவில்லை.