மெல்லப் பேசிய ஊரும் என் காதும்

நகர நூலகத்தின் மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரம் நடக்கும் வாசகர் வட்டத்தில்தான் அது முதலில் தெரிந்தது. என் கணவர் ஒரு சிறுகதையை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. குரல் எனக்கு வந்து சேரவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சற்றுப் பிந்திச் சிரித்தேன்.

கடைசி வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் இருந்தார். அவரைக் கண்டுதான் இவர் குரலைத் தாழ்த்திவிட்டார் என்று நினைத்தேன். என் காதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதரைச் சந்தேகிப்பது எளிதாக இருந்தது.

பேச்சுவார்த்தை முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. திருகோணமலையில் எல்லோரும் மெல்லத்தான் பேசினார்கள். கடையில், பஸ்ஸில், செத்த வீட்டில்கூட. ஊரே குரலைத் தாழ்த்தியிருந்ததால் என் கேள்திறன் குறைந்துகொண்டு போனதை நான் கவனிக்கவில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது நேர்ந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூவர். கணவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். மகள் மதுரா உயர்தர வகுப்பில் படித்தாள். நான் கப்பல்துறையில் ஒரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். ஒரே புத்தகத்தை ஒரே கிழமையில் மூவரும் வாசிப்பது எங்கள் வழக்கம். கணவர் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைப்பார், மகள் தலைக்கிளிப்பை, நான் நூல்துண்டை. முன்னே போனவர் முடிவைச் சொல்லக்கூடாது. மதுரா சாப்பாட்டு மேசையில் பொய் முடிவுகளைச் சொல்லி எங்களைக் குழப்புவாள். அவளை நம்பி நான் ஒரு பாத்திரத்துக்காக அழுதும் இருக்கிறேன். அந்தப் பாத்திரமோ கடைசிப் பக்கம்வரை உயிரோடிருந்தது.

ஞாயிறு காலையில் இன்னொரு சந்திப்பு இருந்தது. கனடாவில் இருந்த என் தங்கை இணையவழியே நூல் உரையாடல் நடத்தினாள். அவளுக்குச் சனி இரவு, எங்களுக்கு விடிந்திருக்கும். நெற் கஃபேக்காரர் எங்களுக்காகக் கடையை நேரத்தோடு திறந்து, கதவை அரைவாசி இறக்கிவைப்பார். லண்டனிலிருந்து ஒருவர் நடுச்சாமத்தில் விழித்திருந்து பேசும்போது அவர் வீட்டுக் கேத்தில் கொதிப்பதும் சேர்ந்து கேட்கும். நோர்வேயில் ஒரு பெண் எங்கள் புத்தகத்தை வரிக்குவரி பிய்த்து மேய்வார். குரல்கள் பிந்தி வரும், சிரிப்பும் பிந்தி வரும். எல்லோருமே பிந்திச் சிரிக்கும் அந்த இடத்தில் என்னை யாரும் கவனிக்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டியதும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

வகுப்பிலும் அப்படித்தான். நாற்பது பிள்ளைகள் கத்தும் நடுவில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். நூலகத்தின் அமைதியிலும் வீட்டின் அடுப்படிக் குசினியிலும்தான் சொற்கள் விழுந்து தொலைந்தன.

"உமக்குக் கேக்க வேணுமெண்டது மட்டும் கேக்குது போல" என்றார் கணவர் ஒருநாள். பாதி பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. எதையோ நான் கேட்டுவிட்டேனோ என்று அவர் பார்க்கிறார் என நினைத்தேன்.

ஏனென்றால் அவரும் மதுராவும் குசினியில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் வாசலில் நின்றதும் நிறுத்திவிடுவார்கள். வாசகர் வட்டத்திலும் ஏதோ மாறியிருந்தது. முறைவைத்து எல்லோரும் வாசிப்போம். என் முறை வரும்போதெல்லாம் நூலகர் அமலதாஸ் வேறு யாரையாவது கூப்பிட்டார். நான் பார்த்தால் அவர் கண்ணாடியைத் துடைப்பார். வெளிநாட்டில் தங்கை இருப்பதால் என்னைத் தள்ளிவைக்கிறார்களா? நான் யாருக்கோ தகவல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைக்கிறார்களா? வாய்களைப் பார்த்து வார்த்தைகளை ஊகிக்கத் தொடங்கினேன். பாதி கேட்கும் காது சும்மா இருக்காது. மீதியைத் தானே எழுதிக்கொள்ளும். அது நல்லதாக எதையும் எழுதுவதில்லை.

சீனன்குடாவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கத்தில் ஏற வேண்டும். ஒருநாள் பாடசாலை விட்டு வரும்போது, பையைக் காட்டிவிட்டு நான் நடந்தேன். வெயில், காற்று, ஆள் குறைவு. திடீரென்று யாரோ என் கைப்பை வாரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். என்னோடு படிப்பிக்கும் நஸீரா டீச்சர். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று தரம் நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள்.

ஒருவன் கிட்ட வந்தான். "ஏன் நிக்க இல்லை? காது இல்லையா?"

கேட்கவில்லை என்று சொன்னேன். அவன் முகம் இன்னும் இறுகியது. "ஏன் ரகசியம் கதைக்கிறது?"

நான் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் எண்ணியிருந்தேன்.

எங்களை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். என் அடையாள அட்டை உள்ளே போனது. நஸீரா கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை ரவுணில் கலியாணம் செய்தவர், சிங்களம் நன்றாகப் பேசுவார். எனக்குக் காது கேளாது, சின்ன வகுப்பு டீச்சர், வேறொன்றும் இல்லை என்று அங்கே பொறுப்பாயிருந்த பெரியவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் சாய்ந்தபின் விட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறியதும் அவருடைய கையைப் பிடித்தேன். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றேன்.

அவர் என் காதருகே குனிந்தார். "நான் பொய் சொல்லல்ல டீச்சர். உங்களுக்கு உண்மையாவே கேக்குறல்ல."

எவ்வளவு காலமாக இவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். நன்றி பிறகுதான் வந்தது.

கணவர் மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் தமிழர், இளையவர். இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரு கிளை உலோகக் கருவி) காதுக்கு முன்னால் பிடித்தார். மெல்லிய இரைச்சல். அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கோயில் மணிபோல் தலைக்குள் ஒலித்தது.

"சத்தமான இடத்திலை உங்களுக்கு நல்லாக் கேக்குமோ?"

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஓம். ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை வருத்தந்தான் சொல்லுது."

ஒட்டோஸ்கிளிரோசிஸ் என்றார். (நடுக்காதில் ஒலியை உள்ளே கடத்தும் மூன்று சிற்றெலும்புகளில் கடைசியானதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, அதை அசையவிடாமல் இறுக்கும் நோய்.) நரம்பு நன்றாக இருக்கிறது, கதவுதான் இறுகிவிட்டது என்று விளக்கினார். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் தாமாகவே குரலை உயர்த்துவார்கள். அந்த இரைச்சல் எனக்குக் குறைவாகவும் அவர்களின் குரல் போதுமானதாகவும் கேட்கும். என் சொந்தக் குரல் எலும்பு வழியே எனக்குப் பெரிதாகக் கேட்பதால் நான் தாழ்த்திப் பேசுகிறேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு இது கூடும். பரம்பரையாகவும் வரலாம்.

என் அம்மாவை ஊரில் பெருமைக்காரி என்பார்கள். வழியில் யாராவது கதைத்தால் பதில் சொல்லாமல் போவார். அவர் செத்துப் பல வருடங்கள். அன்று அந்தக் கதிரையில் இருந்தபடி அவரைப் புதிதாக நினைத்துப் பார்த்தேன்.

இரண்டு வழிகள் இருந்தன. கேட்கும் கருவி போடலாம். அல்லது கொழும்பில் சத்திரசிகிச்சை: இறுகிய எலும்பின் மேற்பகுதியை எடுத்துவிட்டு மயிரிழை போன்ற ஒரு செயற்கைத் தண்டை வைப்பது. பெரும்பாலும் சரிவரும். அரிதாக, உள்ள கேள்திறனும் போய்விடும். வைத்தியர் அதை மறைக்கவில்லை. மறைக்காததால்தான் அவரை நம்பினேன்.

கொழும்புக்குப் போவது அப்போது சிறிய காரியமில்லை. தங்கும் இடத்தில் பொலிஸ் பதிவு, ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி. கணவரின் மச்சாள் ஒருவர் வீட்டில் தங்கினோம். ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரம் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. தாதியைக் கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். சலித்தால் சலிக்கட்டும்.

வலக்காதை மட்டும் விறைக்கவைத்துத்தான் செய்தார்கள். நான் விழித்திருந்தேன். முகத்தின்மேல் பச்சைத் துணி. தலைக்குள் யாரோ சுரண்டினார்கள். ஒரு கணம் அறை சுழன்றது. பிறகு, எங்கிருந்தோ, ஒரு கத்தரிக்கோல் தட்டில் விழுந்தது. அந்த ஓசையின் கூர் எனக்குள் இறங்கியது. சிங்கள வைத்தியர் மிக மெல்ல ஏதோ கேட்டார். கேட்கிறதா என்பதுதான் அது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். "ஓம்" என்றேன். கண்ணீர் மற்றக் காதுக்குள் ஓடியது.

உடனே பஞ்சால் அடைத்துவிட்டார்கள். சில கிழமைகள் தலைச்சுற்று இருந்தது. நாக்கின் ஒரு பக்கத்தில் இரும்பின் சுவை. இவை வரும் என்று முன்பே தெரிந்தால் நீங்கள் பயப்படமாட்டீர்கள். வாய்மூடித் தும்மக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். பெரிய வெடிச்சத்தம் உள்ள இடங்களுக்குப் போகக்கூடாது என்றும் வைத்தியர் சொன்னார். நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, முடிந்தவரை பிந்திப் போங்கள் என்றார்.

கணவர் வேலைக்குத் திரும்பினார். நான் மச்சாள் வீட்டில் தங்கியிருந்தேன். பஞ்சை எடுத்ததும் சத்தங்கள் கூட்டமாக வந்தன. புத்தகத்தில் பக்கம் புரள்வதற்கு ஓர் ஓசை உண்டு என்பதையே மறந்திருந்தேன். ஒரு நாவலை வாங்கி, வாசிக்காமல் பக்கங்களை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த அடுத்த நாள் பின்னேரம், முன்னறையில் புத்தகங்களை அலுமாரியில் அடுக்கினேன். குசினியில் அவர்கள் இருவரும் பேசினார்கள். ஒருவருக்கொருவர் மூச்சில் பேசுவது போன்ற பேச்சு. மதுராவின் குரல் வந்தது.

"மெல்ல, அப்பா. அம்மாவுக்கு இப்ப கேக்கும்."

நான் போய் வாசலில் நின்றேன். எனக்கு எது கேட்கக்கூடாது என்று கேட்டேன். கணவர் யன்னலைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார். பல வருடங்களுக்குப் பின் என்னிடம் மெல்லச் சொல்லப்பட்ட முதல் இரகசியம் அது.

துறைமுகப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து அவரை இடைக்கிடை கூப்பிட்டிருக்கிறார்கள். நூலகத்துக்கு யார் வருகிறார்கள், என்ன வாசிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர்கள் யார் என்பதே விசாரணை. நூலகருக்கும் மதுராவுக்கும் தெரியும். என் பெயர் அங்கே அடிபடக்கூடாது என்றுதான் வாசிக்கும் முறையிலிருந்து என்னை விலக்கினார்களாம். என் சந்தேகம் பொய்யில்லை. நான் நினைத்த காரணம்தான் வேறு.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? உமக்குச் சொல்லுறதெண்டால் கத்த வேணும். கத்திச் சொல்லுற கதையே இது?"

நான் கதிரையில் இருந்தேன். மதுரா அழுதாள். வாசகர் வட்டத்தில் எல்லோரோடும் வாதாடும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். நான் கொழும்பில் இருந்தபோது அவர் வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

"ஆற்றையாவது பேர் சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றார்.

அந்தச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு இருந்தது. உள்ளே இழுக்கப்பட்டு, சற்று நின்று, பிறகு வெளியே வந்த மூச்சு. அதற்கு எந்த அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம். பயந்த மனிதர் எவரும் அப்படித்தான் மூச்சு விடுவார். நான் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிறுச் சந்திப்பை நாங்கள் நிறுத்தினோம். இணைப்பு சரியில்லை என்று தங்கைக்குச் சொன்னோம், அவளும் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். நூலகத்தில் சனிக்கிழமைக் கூட்டம் சுருங்கினாலும் நிற்கவில்லை. ஒருநாள் நானே எழுந்து போய் வாசித்தேன். அமலதாஸ் தடுக்கவில்லை. என் குரல் எவ்வளவு உயரம் என்பது எனக்கு இப்போது தெரியும், அதனால் உரத்தே வாசித்தேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

மற்றக் காதுக்கும் செய்யலாம், வரச்சொல்லியிருக்கிறார்கள். பிரயாணம் கஷ்டம், பிறகு பார்ப்போம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அது முழு உண்மையல்ல. இப்போது என் உடலுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் காலம் துண்டு துண்டாக நடக்கிறது: மூச்சு, நிறுத்தம், சொல். அங்கே எதுவும் தப்புவதில்லை. இடப்பக்கத்தில் பழைய காலம் அப்படியே மூடிக்கிடக்கிறது. இரவில் கணவர் பக்கத்தில் இருந்து எனக்கு வாசித்துக்காட்டும்போது, எந்தக் காதைத் தலையணையில் அமுக்கிப் படுப்பது என்பதை ஒவ்வொரு நாளும் நானே தீர்மானிக்கிறேன்.