“என்னக் கேளுங்க சார்”

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கிறார் வீரம்மாள். “இது இன்னாத்துக்கும்மா? நேத்து இது இல்லியே?” பதில் வராமல் விழுங்க மாட்டார். விழுப்புரத்துக்கு வெளியே இருக்கும் இந்த மனநல வார்டில் நர்சுகள் அவருக்கு ‘எதுக்கு அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் என் தங்கை. அவளுக்குத் துணையாக வந்தவள் நான்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர் வீரம்மாள். திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுக்கிறார். கடலுக்குள் வரச்சொல்லிக் காதில் ஒரு குரல் கூப்பிட, மார்பளவுத் தண்ணீரில் போய் நின்றவரைக் கணவர் ராஜாங்கம் இழுத்துவந்து இங்கே சேர்த்தார்.

மருந்தில் குரல் அடங்கியது. கை நடுங்கத் தொடங்கியது. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் கணவரிடம்தான் கேட்பார்: “நல்லா தூங்குறாங்களா?”

“தூங்குது சார்.”

“தூங்குறது நானு. என்னக் கேளுங்க சார்” என்பார் வீரம்மாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

புதிதாக வந்த டாக்டர் அம்பிகா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “டோசைக் குறைச்சா நடுக்கம் குறையும், ஆனா சத்தம் திரும்ப வரலாம். நடுக்கத்துக்குத் தனியா மாத்திரை குடுத்தா கண்ணு மங்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“அதுக்கு இன்னா தெரியும் மேடம்? நீங்களே பாத்து செய்ங்க” என்றார் ராஜாங்கம்.

வீரம்மாள் ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் சொன்னார்: “கண்ணும் வோணும், கையும் வோணும். கொறைங்க. சத்தம் வந்தா மறைக்க மாட்டேன்.”

நடுக்கம் மெல்லக் குறைந்தது. மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை வார்டுக்கே கொடுத்தார். வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு அடிபட்டது. துணியெல்லாம் மடித்து வைத்தாகிவிட்டது.

அன்று மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கையைக் கழுவிவிட்டு நேராக அம்பிகாவிடம் போனார்.

“சத்தம் வந்துட்டுது மேடம். ஏத்துங்க. நான் சொல்லித்தான் ஏத்துறீங்க. அப்பிடியே எழுதிக்கோங்க.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் ராஜாங்கம், யாரையும் பார்க்காமல்.

இன்று காலை டீ வந்தது. டம்ளர் கையில் நிற்கவில்லை, புடவையெல்லாம் சிந்தியது. பிடித்துக்கொள்ள நான் கை நீட்டினேன். வீரம்மாள் தலையசைத்து மறுத்தார். டம்ளரை ஸ்டூல்மேல் வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, குனிந்து, உதட்டால் உறிஞ்சிக் குடித்தார்.