காது அவளுக்கு, ஊசி எனக்கா?

போன வருஷம் சாரல் சீசனில் என் மகன் சங்கரன் கேட்ட ஒரு கேள்விக்குப் போன வாரம்தான் பதில் கிடைத்தது. கேள்வி இதுதான்: ''காது வடியுது அவளுக்கு. ஊசி எனக்கா?''

நியாயமான கேள்விதானே?

'அவள்' என்பது அவன் தங்கை செண்பகம். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காற்று கொஞ்சம் ஈரமானால் போதும், இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்துவிடும். தென்காசியில் குடியிருந்துகொண்டு ஈரக்காற்று வேண்டாம் என்றால் எங்கே போவது? எந்தெந்த ஊர்க்காரர்களோ பஸ் பிடித்துக் குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற என் மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டில் கிடப்பாள். அண்ணன் ஈரத்தலையோடு வந்தால் அன்றைக்கு முழுக்க அவனோடு பேச்சு கிடையாது.

இதற்கு மேல் என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா, ஆலங்குளத்தில் இருக்கிறார். தங்கமான மனுஷிதான். ஆனால் செண்பகத்தைக் கண்டதும் சொல்வதற்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தார்: ''இவ ரத்தமே சரியில்ல. எங்க வீட்டுல யாருக்கும் இப்படிக் காது வடிஞ்சதில்ல...''

அவர்கள் வீட்டில் இல்லை என்றால், வேறு எந்த வீட்டிலிருந்து வந்ததாம்? புரிகிறதல்லவா?

நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். ''எனக்கு ரத்தம் சரியில்லல்லா. அவளுகளுக்கும் ஒட்டிக்கிட்டா?'' என்றாள், சாதாரணமாக. பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டாளே!

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வைத்தியம் பார்க்க இல்லை, ஆராய்ச்சிக்கு. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர் — ஒரு பிள்ளைக்குக் காது வடிகிறது, இன்னொன்றுக்கு வடிவதில்லை. ஏன்? கிருமியை எதிர்த்து நிற்கிற சக்தி ரத்தத்தில் இருக்கிறதாம். அது பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசப்படுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அறை ஒன்றில் மேஜை போட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள், காது வடிகிற பிள்ளைகளின் அம்மாக்கள் நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மெட்ராஸ் டாக்டர் காதைப் பார்க்கப் போகிறார் என்றால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? காதைச் சுத்தமாகத் துடைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெயை விட்டு, முகத்துக்குப் பவுடர் பூசி அழைத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மா ஒரு காதில் லைட் அடித்துப் பார்த்தார். அடுத்த காது. அதற்கடுத்த காது.

''சீழ் எங்கம்மா?''

''தொடச்சிட்டோம்லா!'' என்றோம், பெருமையாக.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சீழை எடுத்துப் போகத்தான் அவர் ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறார்.

''நாளைக்குத் துடைக்காம வாங்க. வீட்டுல காது வடியாத பிள்ளை இருந்தா அதையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கணும்'' என்றார்.

துடைக்காத காதோடு தெருவில் நடப்பதற்குக்கூட மனசைத் தேற்றிக்கொண்டோம். இரண்டாவதுதான் முடியவில்லை. நல்லா இருக்கிற பிள்ளையை எதற்குக் குத்த வேண்டும்? பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விட்டார்கள். நானும் எழுந்தேன். போகிற போக்கில் கேட்டேன்: ''இவ ரத்தம் சரியில்லைன்னு சொல்லுதாங்கம்மா. பாத்துச் சொல்ல முடியுமா?''

''இவ ரத்தத்தை மட்டும் பாத்தா சொல்ல முடியாதும்மா. சக்தி அதிகமா குறைச்சலான்னு எதோட வெச்சுப் பாக்கிறது? இவகூடவே வளர்ற பிள்ளையோடதும் வேணும்.''

மறுநாள் சங்கரனை இழுத்துக்கொண்டு போனேன். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. ''நீதான தினமும் அருவிக்குப் போற, நீட்டு கைய'' என்றேன். என்ன நியாயமோ! ஆனாலும் பயல் கையை நீட்டிவிட்டான். செண்பகம் இரண்டு கண்ணாடிக் குழாயையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் ரத்தம் மெட்ராஸுக்குப் போனது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மதினியின் வசனம் மட்டும் தவறாமல் வந்தது.

போன வாரம் சாரலோடு டாக்டரம்மாவும் வந்தார். ரத்தம் கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தாராம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மதினியும் இருந்தார்.

''ஆராய்ச்சி இன்னும் முடியலை. முடிய பல வருஷம் ஆகும்'' என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. ''ஆனா உங்க பிள்ளைங்களைப் பத்திச் சொல்லிடறேன். அண்ணனுக்கு இருக்கிற எதிர்ப்புச் சக்தி தங்கச்சிக்கும் இருக்கு. அந்தக் கிருமியோட சண்டை போட்டுப் போட்டு, இவளுக்கு ஒரு பங்கு கூடவே இருக்கு.''

''பெறவு ஏன் வடியுது?'' கேட்டது மதினி. டாக்டரம்மா செண்பகத்தின் காதில் லைட் அடித்துப் பார்த்தார்.

''போன வருஷம் சீழ் மறைச்சிருந்தது, செவிப்பறையில சின்னதா ஒரு ஓட்டை. தண்ணி போனா கிருமியும் போகும். பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க, அடைக்க முடியுமான்னு பார்ப்பாங்க. அதுவரைக்கும் அருவியில தலையைக் காட்டக் கூடாது.''

எனக்கு ரத்தத்தைப் பற்றி முதலில் சொன்னது மட்டும்தான் கேட்டது. அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன். செண்பகத்துக்குக் கடைசியில் சொன்னது மட்டும் கேட்டிருக்கிறது. முகம் தொங்கிப்போய் நின்றாள். பாவம்... அவளுக்கு வேண்டியது அருவி.

நோயாளியை ஊரே உற்று உற்றுப் பார்க்கிறது. பக்கத்தில் நன்றாக இருக்கிறவனை யார் பார்க்கிறார்கள்? அவனையும் சேர்த்துப் பார்த்தால்தானே, இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன ஓட்டைதான் என்று தெரிகிறது? சங்கரனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். ''அடுத்த தடவை அத்தை மகனைக் குத்தச் சொல்லு'' என்று போய்விட்டான்.

செண்பகம் எவ்வளவு நேரம் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பாள் என்கிறீர்கள்? சாயங்காலம் பார்த்தால் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, ''என் காதுக்குள்ள ஓட்டை இருக்கு, தெரியுமா?'' என்று பிரசங்கம் நடக்கிறது.

மதினி வாசலுக்கு ஓடினார். ''ஏட்டி, இதையெல்லாமா வெளிய சொல்லுவாக? நாளைக்கு உனக்கு எவன் தாலி கெட்டுவான்?''

''ஓட்டைதான அத்தே'' என்றாள் என் மகள். ''ரத்தம் நல்லாருக்குல்லா.''