சித்தப்பா விட்டுக்கொடுத்த கொள்ளி

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சைக்கிள் கடை. வாலாஜாபாத் பஸ்ஸில் வந்து இறங்கிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நேராகக் கடைக்கு வந்து, "துரைக்கண்ணு போய்ட்டாரும்மா, வெடிகாலைல" என்றார். என் கணவர் கையிலிருந்த சக்கரத்தைக் கீழே போட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது. சித்தப்பாவுக்கு யார் கொள்ளி வைப்பது?

துரைக்கண்ணு என் அப்பாவின் தம்பி. அவருக்குப் பிள்ளை இல்லை. அப்பாவுக்கும் நான் ஒரே பெண். தென்னேரிப் பக்கத்து ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த எங்கள் வீட்டில் ஆண் வாரிசு அவர்களோடு சரி. அவரோடு பழகிய உறவுக்காரர்களான உங்களுக்கு இது தெரியும். ஆனால் காரியத்துக்கு வந்த சிலர் என் காதுபடவே தப்பாகப் பேசினார்கள். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் படைக்கும்போது மற்ற வீடுகளில் ஒரே இலை போட்டுப் பொதுவாகக் கும்பிடுவார்கள். சித்தப்பாவுக்கு அது ஆகாது. ஆளுக்கொரு இலை, ஆளுக்கொரு பதார்த்தம். "கன்னியப்பனுக்குச் சுட்ட கருவாடு வை. வடை வெக்காத, அவரு தொடமாட்டாரு" என்று அம்மாவை விரட்டுவார். கன்னியப்பன் எங்களுக்கு ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். "நேத்துதான் பக்கத்துல உக்காந்து சாப்ட்ட மாதிரி பேசறத பாரு" என்று அம்மா முணுமுணுப்பாள். இருந்தாலும் கருவாடு வந்துவிடும்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு மேட்டு வீடு என்று பெயர். இன்னொன்று கிணற்று வீடு. இரண்டில் எதில் சாவு விழுந்தாலும் மற்றதும் தீட்டுக் காக்கும், ஆண்கள் மொட்டை அடிப்பார்கள். ஆகவே நாங்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளை அண்ணன் முறை. அந்தக் கிணற்று வீட்டுக் கோவிந்தனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னேன். ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். அப்பா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்களுக்கு இன்னும் நெருங்கிய பங்காளிகள் ஐயம்பேட்டையில் இருந்தார்கள், ஆனால் அவர்களோடு பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைக்க வேண்டியவர் கோவிந்தன் என்பது அவர் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான விஷயம். அவரைத் தெருவில் பார்த்தால், "வந்துட்டான்பா என் நெருப்பு!" என்பார் சித்தப்பா. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒரு காலையில் இரண்டு வீட்டாரும் அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். என்னைக் கண்டித்து அனுப்பத்தான் கூட்டம். சித்தப்பா புகையிலையைத் துப்பிவிட்டு வந்து கோவிந்தனின் அப்பாவைக் கேட்டார்.

"ஏம்பா, உன் பையனுக்கு மொத மொட்டை எங்க அடிச்ச?"

"திருப்புட்குழி பக்கத்துல, எங்க சாமிக்கு. நீங்கதான் வந்தீங்களே!"

"எங்கண்ணன் பொண்ணுக்கு?"

"இங்கதான். ஏரிக்கரை கன்னிமாருக்கு."

"பங்காளிக்கு இன்னாய்யா ரெண்டு குலசாமி?"

அந்த மொட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கறிச்சோறு தின்று வந்தவர்கள்தான் கூடியிருந்த அத்தனை பேரும். ஒருவருக்கும் அதுவரை இது உறைக்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டுவைத்திருந்த பழங்கதையைச் சித்தப்பா சொன்னார்.

"காலரா வந்தப்போ மேட்டு வீட்டு கன்னியப்பன் செத்தாரு. அவரு புள்ளைங்க ரெண்டும் படுக்கைல. ஊரே ஏரிக்கு அந்தாண்ட ஓடிப்போச்சு. கெணறு வெட்ட வந்த அசலூர்க்காரர் ஒருத்தர்தான் ஓடல. அவரே தூக்கிக்கினு போய் கொள்ளி வெச்சாரு, தலையும் வழிச்சிக்கினாரு. அவருதான் கெணத்து வீட்டுக்கு மொத ஆளு. அவரு செத்தப்போ, பொழச்ச புள்ளைங்க அந்த நன்றிக்கு மொட்டை அடிச்சிக்கினாங்க. அத்த பாத்து அடுத்தவன் அடிச்சான். ரத்தமும் இல்ல, பங்காளியும் இல்ல."

"இத்தினி நாளு ஏன்டா சொல்லல?" என்றார் அப்பா.

"எனக்குக் கொள்ளி வெக்க ஆளு வோணும்னு வாய மூடிக்கினு இருந்தேண்ணா. தப்புதான். இந்தப் பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குது. இப்பவும் மூடிக்கினு இருந்தா நான் மனுசனா?"

"மாப்ள ஆயிட்டா அவன் கொள்ளி வெக்கக் கூடாதே. அப்போ உனக்கு யாருடா வெப்பான்?"

"ஏண்ணா, தானா எரிய மாட்டனா?"

கூட்டத்தில் முதலில் சிரித்தவர் அப்பாதான். முகூர்த்தம் அடுத்த மாதமே குறித்தார்கள். முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்குச் சித்தப்பாமேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் கல்யாணத்தன்று கோவிந்தனை முதல்முறையாக "மாப்ளே" என்று கூப்பிட்டபோது அவர் குரல் உடைந்தது. அன்றோடு என் கோபம் போயிற்று. அதன்பின் ஒருநாளும் அவர் "என் நெருப்பு" என்று சொன்னதில்லை.

சாவு வீட்டில் நான் பயந்த பேச்சு வந்தது. ஐயம்பேட்டைக்கு ஆள் அனுப்பலாமா, வருவார்களா என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். என் கணவர் சட்டையைக் கழற்றினார். "கெணத்து வீட்டுக்காரன் மேட்டு வீட்டுக்கு ஒரு தடவ வெச்சான். இன்னொரு தடவ நான் வெக்கறேன்" என்றார். அப்பாவே தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கொள்ளிச்சட்டியை அவர் கையில் கொடுத்தார்.

பதினாறாம் நாள், வந்திருந்த பையன் ஒருவன் என் கணவரின் மொட்டைத் தலையைக் காட்டித் தன் தங்கையிடம், "பாத்தியா, ரெண்டு வீடும் பங்காளிங்கதான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. பழைய தப்பு மறுபடியும் என் கண்ணெதிரிலேயே முளைத்துக்கொண்டிருந்தது.

சித்தப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெயர்களையும் இலைகளையும்தான். வரும் பொங்கலுக்கு ஓர் இலை கூடும். கன்னியப்பனுக்குக் கருவாடு, துரைக்கண்ணுவுக்குப் புகையிலையும் வேர்க்கடலை உருண்டையும். என் மகளுக்கு எட்டு வயது. பெயர்களை வரிசையாகச் சொல்வாள், கடைசியில் துரைக்கண்ணுவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்பதையும் சேர்த்து. கோவிந்தன், மருமகன். இன்னும் ஐந்து தலைமுறை கழித்து எங்கள் ஐயம்பேட்டை வகையறாப் பெண் ஒருத்தி கிணற்று வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால், அவள் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்க வேண்டாம். நான் எழுதிவைத்த இதைக் காட்டட்டும்.